கட்டம் கட்டமாகத் தெரிந்த பெயர்கள்

"அண்ணா, எல்லாப் பதிவும் ஒரே மாதிரிதான் கெட்டிருக்கா?"

"ஆமாம்மா, ஓட்டிடு."

நடந்த பேச்சு இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகிறது. கேட்டவள் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். ஓட்டச் சொன்னது, டேட்டாபேஸில் கெட்டுப்போன பெயர்களைத் திருத்தும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை. என்டர் தட்டியது அவள் விரல், சொன்னது என் வாய்.

கோளாறைக் கண்டுபிடித்ததும் நான்தான், அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை இருக்கிறது. அப்ளிகேஷன் சீனப் பெயர்களை யூடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள குறியீட்டு முறை) அனுப்புகிறது. டேட்டாபேஸ் இணைப்போ தன்னை லாட்டின்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை, ஓர் எழுத்துக்கு ஒரு பைட்) என்று சொல்லிக்கொள்கிறது. டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் அதை நம்பி, வந்த ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக எண்ணி, இன்னொரு முறை யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்துவிடுகிறது. சீனத்தில் 'நீ' என்பதற்கு உச்சரிப்பும் கிட்டத்தட்ட 'நீ'தான். (எனக்குத் தெரிந்த சீனம் அவ்வளவுதான்.) அந்த எழுத்துக்கு மூன்று பைட் போதும். எங்கள் டேபிளில் (தரவு அட்டவணையில்) அதுவே ஆறு பைட்டாக ஊதிப்போய் இருந்தது.

இதைத் திருப்பிவிடலாம். லாட்டின்-1 ஆக மாற்றி, பைனரியாக்கி (வெறும் பைட்டுகளாக்கி), அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 என்று மறுபடி படிக்கச் சொன்னால் பழைய எழுத்து வந்துவிடும். பத்துப் பெயரில் போட்டுப் பார்த்தேன். பத்தும் வந்தன. அப்புறம் என்ன யோசனை?

அந்தப் பத்துப் பெயரும் புகார் கடிதத்தில் இருந்தவை. பெயர் ஒழுங்காகத் தெரிகிறவர் எதற்குப் புகார் எழுதப்போகிறார்? இது எனக்கு உறைத்தது மறுநாள்.

எங்களுக்கு இரண்டு சர்வர். ஒன்றின் கான்ஃபிக்கில் (அமைப்புக் கோப்பில்) மட்டும் எந்தக் குறியீட்டு முறை என்று சொல்லும் கேரக்டர்செட் வரி விடுபட்டிருந்தது. அன்று மாலை திருத்திய கான்ஃபிக்கை இரண்டுக்கும் ஒன்றாக அனுப்பினேன், எதில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது என்று பார்க்கவில்லை. ஆகவே டேபிளில் ஏறக்குறைய பாதி கெட்ட பதிவு, பாதி நல்ல பதிவு. 'ஒரு தடவை திறந்தால் சரியாக இருக்கிறது, மறுபடி திறந்தால் இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பிரச்சினையாக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டேன்.

இதெல்லாம் கவனக்குறைவு, யாருக்கும் நடக்கும். என்னை உறுத்துவது வேறு. அவள் கேட்டபோது திரையில் சில பெயர்கள் தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகவும், சில வெறும் கட்டங்களாகவும் தெரிந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடமே அதுதான்: புள்ளி வைத்த எழுத்து வந்தால் படித்த விதம் தப்பு, மீட்கலாம். கட்டம் வந்தால் உன் மெஷினில் ஃபான்ட் இல்லை, தரவு பத்திரமாக இருக்கிறது. கேள்விக்குறி வந்தால் போயேபோச்சு. அவளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அப்படியென்றால் அவள் சந்தேகம் கேட்டாளா, எனக்கு ஞாபகப்படுத்தினாளா? 'ஒரே மாதிரிதான்' என்பதில் அந்த 'தான்' எப்படி ஒலித்தது என்று எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரிக் கேட்கிறது.

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. கெட்டவை நல்லவையாயின. லாட்டின்-1-இல் சீன எழுத்துக்கு இடமே இல்லையல்லவா, அதனால் நல்லவை எல்லாம் கேள்விக்குறிகளாயின. மூன்றெழுத்துப் பெயருக்கு மூன்று கேள்விக்குறி. அதில் மட்டும் கணக்குத் தப்பவில்லை.

அதிகாலை இரண்டு மணி பேக்கப் இருந்தது, பெரும்பாலானவை திரும்பின. அதன் பிறகு பகலில் புதிதாகப் பதிந்தவர்களில் 37 பேருடைய பெயர்கள் எங்கேயும் இல்லை. பெயரை மறுபடி தரச்சொல்லி அவர்களுக்கு மெயில் போனது. டெம்ப்ளேட் வழக்கம்போல 'அன்புள்ள' என்பதற்குப் பக்கத்தில் அவர்கள் பெயரை டேபிளிலிருந்து எடுத்துப் போட்டது. அன்புள்ள கேள்விக்குறி கேள்விக்குறி கேள்விக்குறி.

அவசரம் என்று சொல்லலாம். வாடிக்கையாளர் லைனில் காத்திருந்தார், உண்மைதான். ஆனால் டேபிளை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தபோது நான் போனைத்தான் நோண்டிக்கொண்டிருந்தேன். சரி, அவள் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்றும் தோன்றும். சேர்ந்து நாலு மாதமான பெண், எத்தனை தடவை அழுத்துவாள்? என்னிடம் யாராவது இரண்டாம் தடவை கேட்டால் என் முகம் எப்படிப் போகும் என்று எனக்கே தெரியும்.

இப்போதெல்லாம் எதைத் தொடுவதற்கு முன்பும் ஹெக்ஸ் மதிப்பைப் (பைட்டுகளைப் பதினாறடிமான எண்ணில் காட்டுவது) பார்க்கிறேன். அந்த 'நீ' இ4 என்று தொடங்கினால் நல்லது, சி3 என்று தொடங்கினால் இரண்டு முறை மாறியது. பிறருக்கும் இதையே சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு ஹெக்ஸ் பார்த்திருந்தாலும் அந்தப் பத்துப் பெயருக்குத்தானே பார்த்திருப்பேன்? பத்தும் சி3 என்றுதான் காட்டியிருக்கும்.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'எல்லாப் பதிவுகளும் ஒரே வகையில் பாதிக்கப்பட்டுள்ளன எனக் குழு கருதியது' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். ஓர் இடத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தினாள். அந்த வரியைத் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.