கடிக்க வரும் கொசுவை எண்ணுகிறவர்கள்

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கொசு என்றாலே பக்கிங்காம் கால்வாயைத்தான் எல்லோரும் கை காட்டுவார்கள், ஆனால் சாக்கடையில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் வகைக் கொசு, மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி நம் கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் இருக்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது.

கிராமத்தில் கதை வேறு. அங்கே மலேரியாவைப் பரப்புவதில் முக்கியமானது அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்ற கொசு. அது மனுஷனைவிட மாட்டைத்தான் அதிகம் தேடிப் போகும், அதனால் ஊரில் கொசு நிறைய என்பதை மட்டும் வைத்து மலேரியாவைக் கணிக்க முடியாது, ஓர் ஆளை ஓர் இரவில் எத்தனை கடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காக ஒருவர் ராத்திரி முழுக்கக் காலை முழங்கால் வரை திறந்து வைத்து உட்கார்ந்து, வந்து இறங்கும் கொசுவைக் கடிப்பதற்குள் உறிஞ்சுகுழாயில் பிடித்து மணிவாரியாக எண்ணுவார். அந்த வேலை செய்கிறவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை! அப்புறம் அதில் எத்தனை கொசுவின் உமிழ்நீரில் மலேரியாக் கிருமி இருக்கிறது என்றும் பார்ப்பார்கள், ஏனென்றால் கிருமி உள்ளே முதிர சுமார் 10 நாள் ஆகும், அதுவரை பிழைத்திருக்கும் பெண் கொசுதான் ஆபத்து.

நம்ம தெருவில் மூடாத கிணறு இன்னும் இருக்கிறது. கொசுவலையாவது கட்டுங்கள், தொட்டி மூடியில் இடைவெளி இருக்கிறதா என்று இன்றைக்கே ஏறிப் பாருங்கள்.