சாரல் காலத்து எருக்குவியல்

மே 19
செங்கோட்டை அருகே, எங்கள் புளியரை வீட்டின் பின்புறம், பலா மரத்தடியில் குவியல் போட்டாயிற்று. நீளம், அகலம், உயரம் எல்லாம் மூன்றடி. இதைவிடச் சிறிதானால் உள்ளே சூடு தங்காது. அடியில் முருங்கைக் குச்சிகள். அதன்மேல் இரண்டு கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறித் தோல் என்ற கணக்கு. நடுநடுவே சாணிக் கரைசல்.

மே 22
சொருகிவைத்திருந்த இரும்புக் கம்பியை உருவினேன். கையில் பிடிக்க முடியவில்லை! நுண்ணுயிர்கள் தின்று செரிக்கும் சூடு அது. 55 டிகிரியைத் தாண்டிச் சில நாள் நின்றால் களை விதைகளும் நோய்க் கிருமிகளும் பெரும்பாலும் செத்துவிடும். ஒவ்வொரு முறையும் இந்தக் கம்பியைத் தொடும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

ஜூன் 5
மேற்கு மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் மழை இறங்கிவிட்டது. தார்ப்பாயைத் தரைவரை இழுத்து மூடிக் கல் வைத்தேன்.

ஜூன் 11
அழுகிய முட்டை நாற்றம். கம்பி சில்லென்றிருக்கிறது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலியோரம் நின்று கேட்டார்: “ஏ பிள்ளை, அது மூச்சுவிட எங்கே வழி வைத்திருக்கிறாய்?”

அழுகை வந்துவிட்டது. மழைக்குப் பயந்து காற்றை அடைத்திருக்கிறேன். காற்று இல்லாவிட்டால் மட்குவது நின்றுபோய் அழுகல் தொடங்கிவிடும்.

ஜூன் 12
காலை முழுவதும் குவியலைப் பிரித்தேன். நல்லவேளை, பங்குனியில் கூட்டிச் சேர்த்த மாவிலைச் சருகு நான்கு சாக்கு இருந்தது. சருகில் மிகுந்திருக்கும் கரிச்சத்து (கார்பன்) முப்பது பங்குக்கு, காய்கறித் தோலிலும் சாணியிலும் கிடைக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்பார்கள். சாரல் நாட்டில் அந்தக் கரிச்சத்தைக் கோடையிலேயே சாக்கில் கட்டி வைத்துவிட வேண்டும், மழையில் காய்ந்த இலைக்கு எங்கே போவது? சருகும் உடைத்த தென்னை ஈர்க்கும் கலந்து திரும்ப அடுக்கினேன். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டுதான் வந்தது. அந்த ஈரம் போதும். தார்ப்பாயை நான்கு கம்பு நட்டுப் பந்தலாகக் கட்டினேன்.

ஜூன் 16
நாற்றம் இல்லை. கம்பி சுடுகிறது. ஆச்சியைக் கூட்டிவந்து தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஜூலை 8
மூன்றாம் முறை புரட்டல். சாம்பல் பூத்தாற்போல் வெள்ளை இழைகள்.

செப்டம்பர் 2
குவியல் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சலித்ததில் கறுப்பாக, உதிரியாக, புதுமழை மண்ணின் வாசத்தோடு இரண்டு மூட்டை எரு. ஒன்று ஆச்சியின் கத்தரிப் பாத்திக்கு. மட்காத ஈர்க்கை அடுத்த குவியலின் அடியில் பரப்பிவிட்டேன்.