வேலூர் வெயிலுக்கு ஏற்ற பூனை எது?

எங்கள் வீட்டில் எப்போதும் பூனைகள் இருப்பதால், பூனை வளர்க்க ஆசைப்படும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் யோசனை கேட்பது வழக்கம். பெரும்பாலோர் கேட்பது, நீண்ட முடியுள்ள பெர்சியன் இனக் குட்டி நல்லதாக எங்கே கிடைக்கும் என்பதுதான். பகல் பதினொரு மணி முதல் நான்கு மணி வரை வீட்டில் யார் இருப்பார்கள், அந்த நேரத்தில் எந்த அறை குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பேன். சுற்றிலும் பாறைக் குன்றுகள் சூழ்ந்த வேலூரில் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. மொட்டை மாடிக்கு நேர்கீழே உள்ள அறைகளில் இரவு பத்து மணிக்குக்கூட அனல் அடங்குவதில்லை. ஆகவே, இந்த ஊரில் பூனை இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை முடியின் நீளமும் மூக்கின் நீளமும்தான் என்பது என் உறுதியான கருத்து.

பூனைக்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்கால்களில்தான். உடம்பை நக்கி, அந்த எச்சில் காய்வதால்தான் அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதுவும் போதாமல் வாயைத் திறந்து மூச்சிரைக்கத் தொடங்கினால், ஈரத்துணியால் துடைத்தபடியே உடனடியாக மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பெர்சியனில் விற்பவர்கள் 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று இரண்டு வகை சொல்வார்கள். பஞ்ச் ஃபேஸ் பூனைக்கு மூக்கு இரு கண்களுக்கும் நடுவே ஏறி அமர்ந்திருக்கும். மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால் சாதாரண நாளிலேயே சிலவற்றுக்குக் குறட்டை போன்ற சத்தம் கேட்கும். கண்ணீர் இறங்க வேண்டிய குழாய் வளைந்துவிடுவதால் அது வெளியே வழிந்து, மூக்கோரத்தில் பழுப்புக் கறையாகப் படியும். அதைத் தினமும் துடைத்துவிட வேண்டும். குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கு இந்த வகையை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

மூக்கு ஓரளவு நீண்டிருக்கும் டால் ஃபேஸுக்கு மூச்சுத் தொல்லை குறைவு என்றாலும் முடி அதே நீண்ட முடிதான். மேலாகச் சீவினால் சீப்பு வழுக்கிக்கொண்டு போகும். முன்னங்கால் இடுக்கிலும் காதுக்குப் பின்னாலும் வயிற்றிலும் விரலை உள்ளே விட்டுத் தடவினால்தான், தோலோடு ஒட்டிக் கெட்டியாகியிருக்கும் சிக்கு தட்டுப்படும். நாள்தோறும் அதற்கு நேரம் ஒதுக்க வீட்டில் ஒருவர் வேண்டும். இது தவிர, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் பெர்சியன் இனத்தில் பரவலாக உள்ளது. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றிடமிருந்து வந்தாலே போதும். மரபணுப் பரிசோதனையில் இதை முன்கூட்டியே அறிய முடியும் என்பதால், குட்டியின் பெற்றோருக்கு அந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை.

சயாமிஸ் பூனைக்கு முடி குட்டை, வெயிலைத் தாங்கும். உடம்பில் சூடு குறைவான காது, முகம், கால், வால் ஆகிய இடங்களில் மட்டும் நிறம் கருப்பது அதன் தனி அழகு. ஆனால் ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே நம் பின்னால் வரும் இனம் அது. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டுக்கே பொருந்தும். மடிந்த காதுடைய ஸ்காட்டிஷ் ஃபோல்டை வாங்கவே வேண்டாம் என்பேன். காதை மடிக்கும் அதே குருத்தெலும்புக் குறை மூட்டுகளையும் தாக்கி, வாழ்நாள் முழுவதும் வலி கொடுக்கக்கூடியது.

சத்துவாச்சாரியில் இருக்கும் என் அண்ணன் மகளும் பெர்சியன்தான் கேட்டாள். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். பகலில் வீட்டில் இருப்பவர் மூட்டுவலியுள்ள மாமியார் மட்டுமே. "அத்தை, பாப்பா படத்தைப் பார்த்து ஆசைப்படுகிறாள்" என்றாள். அந்த வீட்டு நிலைமையை எடுத்துச் சொல்லி, நாட்டுப்பூனையை எடுக்கச் சொன்னேன். வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு கலந்த மூவண்ணக் குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அந்தச் செந்நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மூவண்ணப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தான். ஆகையால் ஐந்தாறு மாதத்திலேயே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவைத்தேன்.

நாட்டுப்பூனை என்றால் பால்சோறு போதும், தடுப்பூசி தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த எண்ணம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண்பார்வையும் இதயமும் கெடும் என்பது எல்லா இனத்துக்கும் பொது. வெறிநோய்த் தடுப்பூசியும் அவ்வாறே. வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால், ஒவ்வாமை தராத இனம் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் எச்சிலிலும் தோலிலும் இருப்பதால், முடியில்லாத பூனையும் அதற்கு விலக்கல்ல. முதலில் பூனை உள்ள வீட்டுக்குக் குழந்தையைச் சிலமுறை அழைத்துப் போய் மருத்துவரையும் கலந்தாலோசிப்பது நல்லது.

எந்த இனமானாலும் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. பன்னிரண்டு வாரம் வரை பொறுத்தால் இன்னும் நல்லது. சித்திரை, வைகாசியில் குட்டியைத் தூர ஊரிலிருந்து பேருந்தில் கூடையில் வைத்துக் கொண்டுவர வேண்டாம். முடிந்தால் மழை தொடங்கி வெயில் தணிந்த பிறகு, விடியற்காலையில் கிளம்பி அழைத்து வாருங்கள்.