முகம் ஏன் இப்படி வீங்கியிருக்கு?

பெருங்குடல் அழற்சிக்காக எனக்கு ஸ்டீராய்டு தொடங்கினார்கள். பிரெட்னிசோலோன், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம். 5 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைத்ததால் தினம் எட்டு. வயிறு சீக்கிரமே அடங்கிவிட்டது. ஆனால் ஒரு மாதத்தில் முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டுவிட்டது. இரத்தப்போக்கோடு ஒரு நாளைக்குப் பத்து தடவை கழிப்பறைக்கு ஓடியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கன்னம் உப்பியதும் ஆளாளுக்கு விசாரணை.

"பூசினாப்புல இருக்கீங்களே, விசேஷமா?" என்றார் ஒருவர். "தூக்கம் இல்லையா?" என்றார் இன்னொருவர். (தூக்கம் இல்லைதான், அதுவும் அந்த மாத்திரையின் வேலையே.) என் நோயைச் சொல்ல எனக்கு வெட்கம் என்று இல்லை. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி மலத்தைப் பற்றித்தான் வரும். லிஃப்டில் நின்றுகொண்டு அதைப் பேச எனக்கு இஷ்டமில்லை.

அதனால் ஒரு பொய் சொன்னேன்: தைராய்டு. எல்லோரும் கேள்விப்பட்ட பெயர், இதோடு விட்டுவிடுவார்கள் என்று கணக்கு. அங்கேதான் தப்பு செய்தேன். பக்கத்து இருக்கை அக்காவுக்கு நிஜமாகவே தைராய்டு. "எத்தனை மைக்ரோகிராம் போடறே? டிஎஸ்எச் எவ்வளவு இருக்கு?" என்று ஆரம்பித்தார். சமாளித்தேன். ஒரு வாரம் கழித்து, டிஃபன் டப்பாவை மூடிவிட்டு நான் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி எண்ணும்போது பார்த்துவிட்டார். அப்போது ஆறுக்கு இறங்கியிருந்தேன். "தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துலல்ல போடணும்? அதுவும் ஆறா?" எனக்கு வாயே திறக்கவில்லை. அவர் கேட்டது முழுக்க அக்கறையில்தான் என்பது இன்னும் சங்கடம்.

அன்று இரவு தங்கையிடம் புலம்பினேன். "பொய்யும் வேண்டாம், விவரமும் வேண்டாம். உண்மையா ஒரே வரி சொல்லிட்டு வாயை மூடு" என்றாள். இருவருமாக உட்கார்ந்து அந்த வரியைச் செதுக்கினோம். "ஒரு பிரச்சினைக்கு மருந்து எடுக்கிறேன், முகம் அதனாலதான். விவரம் பேச வேண்டாம்னு பார்க்கிறேன்." முதலில் "மன்னிச்சுக்கோங்க" என்று சேர்த்திருந்தேன். தங்கை அடித்துவிட்டாள். அவள் துருவித் துருவிக் கேட்க, நான் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினேன்.

வரியைச் சொல்வது சுலபம். சொன்ன பிறகு வரும் மௌனம்தான் கொடுமை. அதை நிரப்பத்தான் நாம் உளறிவிடுகிறோம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன். அநேகமாக நான்கிலேயே எதிராளி வேறு பேச்சுக்குப் போய்விடுவார். "அதான், என்ன பிரச்சினைன்னு கேட்கிறேன்" என்று விடாமல் நின்றவர்கள் மூன்று பேர். அவர்களுக்கும் அதே வரிதான். மறுமுறை வார்த்தையை மாற்றினால் பேரம் படியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மேலாளர் விஷயம் வேறு. அவரிடம் எனக்கு வேலை ஆக வேண்டியிருந்தது: கழிப்பறைக்கு அருகில் இடம், பரிசோதனை நாட்களில் விடுப்பு. நோயின் பெயர் இல்லாமல், "சிகிச்சையில் இருக்கிறார், அடிக்கடி இடைவேளை தேவை" என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரைக் கேட்டேன். தந்தார். மேலாளர் அதைப் படித்துவிட்டு, "எந்த இருக்கை வேணும்?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்புறம் பக்கத்து இருக்கை அக்காவிடம் போய், "அன்னிக்குச் சொன்னது பொய்க்கா, தைராய்டு இல்லை" என்றேன். "சரி விடு. மாத்திரையை மட்டும் நீயா நிறுத்திடாதே" என்றார். சரியான பேச்சு. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து நானாகவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தையிடம் மட்டும் அந்த வரி பலிக்கவில்லை. தொலைபேசியில் ஐந்து வரை எண்ணினால், "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்கிறார்.