ரெனோன்சான் குடும்பத் தேடல்: 1881ஐத் தாண்டும் இடம்

ரெனோன்சான் என்றால் துறந்தவர்: பிரெஞ்சு ஆட்சியில் சொந்தச் சமூகச் சட்டத்தை விட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர். அப்படியொரு குடும்பத்தின் முன்னோரைத் தேடுகிறேன். தொடக்கப் புள்ளி, 1890களில் காரைக்காலில் பதிவான ஒரு பிறப்பு. இதுவரை மூன்று தலைமுறை வந்திருக்கிறது. தேடல் எல்லாம் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள பிரெஞ்சுக் கடல்கடந்த ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பதிவேட்டுப் படங்களில்தான்.

பெயரைத் தட்டினால் ஆள் வந்து நிற்பார் என்று நம்ப வேண்டாம். இந்தியா, கொம்யூன் (பிரெஞ்சு உள்ளாட்சிப் பிரிவு), ஆண்டு என்று இறங்கி, அந்த ஆண்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போனால் பெயர் அட்டவணை இருக்கும். பத்தாண்டு அட்டவணை கிடைத்தால் பாதி வேலை மிச்சம். புதுச்சேரியை மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. உழவர்கரை, வில்லியனூர், பாகூர் எல்லாம் 1880இல் தனிக் கொம்யூன்கள் ஆயின.

ஆள் நழுவுவது பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில். பிரெஞ்சு எழுத்தர்கள் உகரத்துக்கு ‘ஓ-யூ’ போடுவார்கள்; சுப்பிரமணியனை எஸ்-ஓ-யூவில் தேட வேண்டும். ராமசாமிக்கு நடுவில் இரண்டு எஸ், ஏனென்றால் ஒற்றை எஸ் அங்கே இசட் போல ஒலிக்கும். ழகரம்தான் பெரிய பொறி: பழனி ‘பி-ஏ-ஜே’ என்று தொடங்கும், குழந்தை ‘சி-ஓ-ஜே’ என்று. போதாததற்குக் கையெழுத்தில் ‘யூ’ எழுத்தும் ‘என்’ எழுத்தும் ஒன்றுபோல இருக்கும். முத்து ‘மோந்து’ ஆகிவிடுவார்.

1881 செப்டம்பர் 21 ஆணைதான் கணு. சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர், தனக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப் பெயர் சொல்லியாக வேண்டும். பலர் தம் பெயரையோ அப்பா பெயரையோ நிலையாக்கினார்கள். சிலர் பிரெஞ்சுச் சொல்லையே எடுத்தார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி ‘லாபோர்த்’, அதாவது வாசல், ஆனார். ‘புல்லே’ என்று எழுதப்பட்ட பிள்ளைப் பட்டம் பல குடும்பங்களில் அங்கேயே உதிர்ந்தது. அண்ணன் தம்பி தனித்தனியே துறந்திருந்தால் ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்.

ஆகவே 1881க்கு முன் குடும்பப் பெயரில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆளின் சொந்தப் பெயர், ‘இன்னார் மகன்’, அவ்வளவே. இந்தக் கணுவைத் தாண்ட உதவுவது கல்யாணப் பத்திரம்: மணமக்கள் இருவரின் தாய் தந்தை பெயரும் அதில் இருக்கும். பெற்றோர் பெயருக்கு முன் ‘ஃப’ என்று ஒலிக்கும் குட்டிச் சொல் நின்றால் அவர் காலமானவர். அதைப் பெயரின் பகுதியாகப் படித்துவிடுவது வழக்கமான தவறு. ‘தி’ வந்தால் ‘என்கிற’.

தேதியிலும் கவனம் வேண்டும். பிறப்புப் பதிவின் முதல் வரியில் இருப்பது அறிவித்த நாள். அறிவிக்க மூன்று நாள் கெடு இருந்தது. பிறந்த நாள் உள்ளே, சில சமயம் வெறும் ‘நேற்று’ என்று. ஆண்டைப் பிரெஞ்சில் எழுத்தால் எழுதுவதால், ‘நான்கு இருபது இரண்டு’ (நாலு இருபதும் இரண்டும்) என்பது 82 என்று பழகும்வரை தடுமாற்றம்தான்.

நான்காவது தலைமுறையில் ஒரே பெயரில் இரண்டு சவரிமுத்து நிற்கிறார்கள். தொழிலையும் தெருவையும் ஒப்பிட்டாயிற்று; இரண்டும் ஒன்றே. மிச்சமிருப்பது பத்திரத்தின் அடியிலுள்ள தமிழ்க் கையெழுத்துகள். ஒருவர் ‘சவரிமுத்து’ என்கிறார், மற்றவர் ‘சவேரிமுத்து’. பிரெஞ்சு எழுத்தர் இருவருக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் போட்டிருக்கிறார்.