வேலைக்கு நடுவே சி.ஏ. இன்டர்: ஒரு நாட்குறிப்பு

28.12.2024
சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்புக்கான டைரக்ட் என்ட்ரி பதிவை இன்றே முடித்தாகிவிட்டது. பி.காம். படித்தவர்களுக்கு 55 சதவீதம், மற்ற பட்டதாரிகளுக்கு 60 சதவீதம் இருந்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட். ஆனால் பதிவுக்கும் தேர்வுக்கும் நடுவே எட்டு மாதம் வேண்டும். ஜனவரி 1-க்குள் பதிந்தால் செப்டம்பர் தேர்வு. அதைத் தவறவிட்டால் அடுத்த ஜனவரிதான். மதிப்பெண் பட்டியலில் அட்டஸ்டேஷன் வாங்க லீவு கிடைக்காமல் நாலு மாதத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய.

11.01.2025
புத்தகத்தைத் திறக்கும் முன் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் செய்யும் நேரடிப் பயிற்சி) இரண்டு வருடம்; இன்டரின் இரு குரூப்பும் (குரூப்புக்கு மூன்று தாள்) தேறி, கம்ப்யூட்டரும் பேச்சுத்திறனும் கற்றுத்தரும் நாலு வார ஐ.சி.ஐ.டி.எஸ்.எஸ். பயிற்சியும் முடித்தால்தான் அதில் சேரலாம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து லீவு 24 நாள். முழுநேர வேலையைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழியில்லை. அங்கே தரும் ஸ்டைபண்ட் (பயிற்சி உதவித்தொகை) வீட்டு வாடகைக்கே காணாது. ஆர்ட்டிகிள்ஷிப் முடிந்து ஆறு மாதம் கழித்துத்தான் கடைசிக் கட்டமான ஃபைனல். எல்லாம் முதல் முயற்சியிலேயே தேறினாலும் 2028 ஆகிவிடும். கடன் தவணை ஓடிக்கொண்டிருப்பவர்கள் இரண்டு வருடச் செலவைத் தனியாக எடுத்துவைக்காமல் வேலையை விடக்கூடாது. பாதியில் நிற்கிறவர்களில் பலரை நிறுத்துவது பாடமல்ல, பணம்தான்.

09.02.2025
ஃபவுண்டேஷனைத் தாண்டி வந்தது சலுகை மாதிரி தெரியும்; பொறியியல், அறிவியல் படித்தவர்களுக்கு அது பள்ளம். அட்வான்ஸ்டு அக்கவுண்டிங் முதல் பக்கத்திலேயே ஜர்னல், லெட்ஜர், தேய்மானம் எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசும். ஃபவுண்டேஷன் அக்கவுண்டிங் மாட்யூலை, தேர்வை நடத்தும் ஐ.சி.ஏ.ஐ.யின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆறு வாரம் அதற்கே ஒதுக்குவது நல்லது.

எல்லோரும் இடறும் இடம் ஒன்று: சம்பளம் வந்தால் பேங்கிலிருந்து ‘கிரெடிட்’ என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. அது பேங்க்கின் புத்தகம். உங்கள் பணம் அவர்களுக்குக் கடன். உங்கள் புத்தகத்தில் பேங்க் கணக்கு டெபிட். பத்து வருடம் அந்த எஸ்.எம்.எஸ். படித்துப் பழகியவருக்கு பேங்க் ரீகன்சிலியேஷன் (பேங்க் கணக்கையும் நம் புத்தகத்தையும் ஒத்துப்பார்ப்பது) தலைகீழாகத்தான் வரும்.

20.04.2025
டாக்ஸேஷன் தாளில் பாதி வருமான வரி, பாதி ஜி.எஸ்.டி. பின்னதில் கிரெடிட் செட்-ஆஃப் (வாங்கும்போது கொடுத்த வரியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிப்பது) நிச்சய மதிப்பெண், வரிசை தெரிந்தால். ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) கிரெடிட்டை முதலில் காலி செய்ய வேண்டும்: முதலில் ஐ.ஜி.எஸ்.டி. வரிக்கு, மீதியை சி.ஜி.எஸ்.டி. (மத்திய அரசின் பங்கு), எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில அரசின் பங்கு) இரண்டுக்கும் எந்த வரிசையிலும், எந்த விகிதத்திலும். அதன்பிறகே மற்ற இரண்டு கிரெடிட்டையும் தொடலாம். சி.ஜி.எஸ்.டி. கிரெடிட் எஸ்.ஜி.எஸ்.டி.க்குப் போகாது, அதுவும் இதற்கு வராது.

கட்ட வேண்டிய வரி: ஐ.ஜி.எஸ்.டி. 40,000, சி.ஜி.எஸ்.டி. 30,000, எஸ்.ஜி.எஸ்.டி. 30,000. கையிலுள்ள கிரெடிட், அதே வரிசையில்: 70,000, 20,000, 10,000. ஐ.ஜி.எஸ்.டி.யில் மிஞ்சும் 30,000-ஐ அப்படியே சி.ஜி.எஸ்.டி.யில் போட்டால் அங்கே உள்ள 20,000 கிரெடிட் முடங்கும், எஸ்.ஜி.எஸ்.டி.க்கு 20,000 ரொக்கமாகக் கட்ட வேண்டும். 10,000, 20,000 என்று பிரித்தால் ரொக்கம் ஒரு பைசா தேவையில்லை. ‘எந்த வரிசையிலும்’ என்று ஜி.எஸ்.டி. விதி 88ஏ சொல்வது இதற்குத்தான். கேள்வியில் ‘குறைந்தபட்ச ரொக்கம்’ என்று இருந்தால் பிரிப்பதைத்தான் சோதிக்கிறார்கள். விடைத்தாளில் விதி எண்ணையும் எழுதிவிட வேண்டும்.

15.06.2025
சயின்டிஃபிக் கால்குலேட்டருக்குத் தேர்வறையில் அனுமதி இல்லை. 12 இலக்கச் சாதா கால்குலேட்டர்தான். ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்டுக்கு அதுவே போதும். வருங்காலப் பணத்தை 12 சதவீதம் தள்ளி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர, சிட்டிசன் கால்குலேட்டரில் 1 ÷ 1.12 போட்டு = மூன்று முறை: 0.8929, 0.7972, 0.7118. உடனே ஜி.டி. (கிராண்ட் டோட்டல்) அழுத்தினால் மூன்று வருட ஆன்யுட்டி, அதாவது வருடம் ஒரு ரூபாய் வீதம் வருவதன் இன்றைய மதிப்பு, 2.4018. கேசியோவில் முறை வேறு: 1.12 ÷ ÷ 1, பிறகு =. முன் கணக்கின் ஜி.டி.யை அழிக்காமல் தொடங்கினால் விடை கெட்டுவிடும், கெட்டது தெரியவும் தெரியாது.

27.07.2025
கீபோர்டிலேயே காலம் தள்ளிய கை மூன்று மணி நேரம் எழுதாது. ஞாயிறுதோறும் மதியம் 2 முதல் 5 வரை, தேர்வு நேரத்திலேயே, பேனாவால் ஒரு முழு மாதிரித் தாள். 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 10 மதிப்பெண் கணக்குக்கு 18 நிமிடம். டேலி ஆகவில்லையா, கோடு போட்டுவிட்டு நகர வேண்டும். வொர்க்கிங் நோட்டுக்கு (விடைக்கு வந்த வழியைக் காட்டும் கணக்குக்கு) மதிப்பெண் உண்டு.

10.08.2025
ஒரு குரூப்பா, இரண்டுமா என்ற கேள்வி ஓயாது. தாளுக்கு 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். முதல் குரூப்பில் 62, 45, 42 வாங்கினால் கூட்டல் 149. 300-க்கு 150 இல்லாததால் ஃபெயில். அதே ஆள் இரண்டையும் சேர்த்து எழுதி, அடுத்த குரூப்பில் ஒவ்வொரு தாளிலும் 40-ஐத் தாண்டி 155 எடுத்திருந்தால் 600-க்கு 304, இரண்டும் பாஸ். ஆனால் வேலைக்கு நடுவே ஆறு தாளையும் அரைகுறையாகப் படிப்பதைவிட மூன்றை ஒழுங்காகப் படிப்பதே மேல்.

அந்த 62 வீணாகாது: 60 எடுத்த தாளுக்கு அடுத்த மூன்று தேர்வுகளுக்கு விலக்கு உண்டு. அதற்கு அந்த குரூப்பின் எல்லாத் தாளுக்கும் ஆஜராகியிருக்க வேண்டும். இரண்டாவது தாள் சொதப்பியது என்று மூன்றாவதுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் விலக்கும் போச்சு.