டிராக்டருக்குப் பதில் மட்டக்குதிரை

வண்டி இழுக்கப் பழகிய மட்டக்குதிரை இருந்தால், சவாரி மைதானத்து மணலைப் பரம்படித்துச் சமப்படுத்த டிராக்டரே வேண்டாம். குதிரைக்கும் நல்ல உடற்பயிற்சி.

ஆனால் முதலில் சத்தம் பழக வேண்டும். சங்கிலிப் பரம்பு பின்னால் சரசரவென்று வந்தால் மிரளாத குதிரை குறைவு. அதனால் ஒருவர் பழைய டயரைக் கையால் இழுத்தபடி பின்னால் நடக்கட்டும். அந்தச் சத்தம் பழகிய பிறகே பரம்பைச் சேணத்தில் கட்டலாம். திருப்பம் எப்போதும் அகலமாக! குறுக்கித் திருப்பினால், பரம்பைச் சேணத்தோடு இணைக்கும் இழுவை வார் குதிரையின் காலில் சிக்கும். ஓட்டுபவர் பரம்புக்குப் பக்கவாட்டில் நடப்பதே பாதுகாப்பு, அதன்மேல் ஏறி நிற்கும் வீரமெல்லாம் வேண்டாம்.

அப்புறம், தூசி அடங்க லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். ஈரம் கூடினால் பரம்பு கனக்கும், பாவம், குதிரைக்கு மூச்சு வாங்கும்.